நம் சங்கக் கட்டடத் திருப்பணி: குழுவின் நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியில் நம் ஆர்க்கிடெக்ட் சங்கம் 30 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த பழைய செட்டிநாட்டு வீட்டின் முகப்பும் முதல் கட்டும் பழுதுபார்க்கப்பட்டு, தை மாதம் புழக்கத்துக்கு வந்துவிட்டன. போட்ட மதிப்பீடு 34,00,000 ரூபாய். ஆன செலவு 43,60,000. கூடுதல் 9,60,000. இந்த ஒன்பது லட்சத்துச் சொச்சத்தைப் பற்றித்தான் வாட்ஸ்அப்பில் மாதக்கணக்காகப் பேச்சு ஓடுகிறது. அதனால் முடிந்த வேலைகளைப் பிறகு சொல்கிறேன், முதலில் அதற்கே வருகிறேன்.

கூரையில் 6,10,000, பூச்சில் 2,35,200, மின்சாரமும் கழிப்பறையும் சேர்ந்து 1,14,800. கடைசித் தொகையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கழிப்பறை எல்லோருக்கும் வேண்டும் போலிருக்கிறது.

கூரை. முகப்பில் இருப்பது மெட்ராஸ் டெரஸ். உங்களுக்குத் தெரிந்ததுதான், நன்கொடையாளர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இரண்டு வரி: தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, மேலே சிறு செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டில் குத்தி நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு இறுக அடித்து, தட்டை ஓடு பதிப்பது. மொத்தம் 34 கட்டைகள். மதிப்பீட்டில் 4 கட்டைகளை மாற்றுவதாகப் போட்டிருந்தோம். பிரித்துப் பார்த்தபோது 15 கட்டைகளின் நுனி போயிருந்தது. கீழே நின்று பார்த்தால் பர்மாத் தேக்கு, கறுத்துப் பளபளவென்று கம்பீரமாகத்தான் இருந்தது. சுவருக்குள் நுழைந்திருந்த முக்கால் அடி மட்டும் கைப்பிடிச்சுவர் ஓரமாக இறங்கிய மழைநீரில் ஊறி, கையால் கிள்ளினால் உதிர்ந்தது. தட்டிப் பார்த்திருக்கலாமே என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். தட்டினோம். நடுவில் கணீரென்றுதான் சத்தம் வந்தது. சுவருக்குள் இருக்கிற நுனியைச் சுவரை உடைக்காமல் தட்டுவது எப்படி என்று அவர் சொல்லித் தரவில்லை.

அப்போது கூட்டிய அவசரக் கூட்டத்தில் கூரையை மொத்தமாக இறக்கிவிட்டு கான்கிரீட் போடலாம், இரண்டு லட்சம் மிச்சமாகும் என்று பலர் பேசினார்கள். சுண்ணாம்பின் பெருமையைக் கருத்தரங்கில் இரண்டு மணி நேரம் பேசக்கூடியவர்களும் அவர்களில் உண்டு. அடுத்தவர் வீட்டுக்குச் சுண்ணாம்பு, நம் பணத்துக்கு கான்கிரீட் என்பதைக் குழு ஏற்கவில்லை. ஏற்றாலும் செய்திருக்க முடியாது: வீட்டின் அமைப்பை மாற்றுவதில்லை என்று குத்தகைப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வீட்டுக்கு உரிமையுள்ள பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்ட பத்திரம் அது. மலேசியாவில் இருக்கும் பங்காளியின் ஒரு கையெழுத்துக்காகவே எத்தனை மாதம் காத்திருந்தோம் என்பது தலைவருக்குத் தெரியும். இன்னொன்று, செட்டிநாட்டு ஊர்கள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அதைச் சொல்லிச் சொல்லித்தான் நாம் ஊரெல்லாம் கூட்டம் போடுகிறோம்.

ஆகவே 9 கட்டைகளுக்கு நுனி மட்டும் ஒட்டுப் போட்டோம், 6 கட்டைகளை முழுதாக மாற்றினோம். மரம் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் வாங்கியது. வேறு யாரோ இடித்த வீட்டின் உத்திரத்தை விலை பேசி வாங்கித்தான் நம் வீட்டைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பழைய தேக்குக்கு நிலையான விலை கிடையாது, மூன்று கடையில் விசாரித்து எழுதி வாங்கிய சீட்டுகள் கோப்பில் இருக்கின்றன. மாற்றிய நுனிகளுக்கு மருந்து அடித்து, சுவருக்குள் சுற்றிலும் காற்றுப் போக இடம் விட்டிருக்கிறோம்.

கூலி ஏன் ஏறியது என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஜல்லித் தளம் அடிக்கத் தெரிந்தவர்கள் இப்போது வயதான அம்மாக்கள்தான். வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடித்தார்கள். மூன்று நாள் போதும் என்று நம் இளைய உறுப்பினர் ஒருவர் நாள் குறித்துக் கொடுக்க, “கட்டை துள்ளணும் தம்பி, அதுவரைக்கும் அடிக்கணும்” என்று ஒரு அம்மா சொல்லிவிட்டார். அடிக்கிற கட்டை தளத்தில் பதியாமல் கையில் துள்ளி எழும்ப ஏழாம் நாள் ஆயிற்று. ஐப்பசி மழை முழுவதும் பெய்து தீர்ந்தது, ஒரு சொட்டு இறங்கவில்லை.

இனி பூச்சு. ஒப்பந்தக்காரர் விஷயத்தில் எழுந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

குறைந்த விலை கேட்டவரை ஏன் விட்டோம்? அவர் சுண்ணாம்பில் சிமென்ட் கலந்து பூசுவதாக எழுதியிருந்தார். உறுப்பினர்களின் நிறுவனங்களுக்கு ஏன் கொடுக்கவில்லை? கொடுத்திருந்தால் இந்த அறிக்கை இன்னும் நீண்டிருக்கும். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒப்பந்தக்காரர் தலைவரின் ஊர்க்காரர்தானே? ஆம், ஊர்க்காரர்தான். கூட்டத்தில் அவர் வேண்டாம் என்று கடைசிவரை சொன்னதும் தலைவர்தான். குறிப்பேட்டில் இருக்கிறது.

சதுர அடி 210 ரூபாய், சுத்தச் சுண்ணாம்பு, சிமென்ட் எந்த வகையிலும் கூடாது, அளவு ஐ.எஸ். 1200 என்ற, கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தரநிலையின் முறைப்படி. இதுதான் ஒப்பந்தம். முகப்பு அறையில் கடைசிப் பூச்சு நடந்த அன்று மாலை, மேற்பார்வைக்குப் போன நம் இளம் உறுப்பினர் சுவரில் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்திருக்கிறார். காலையில் பூசியது கல்லாக இருந்தது. சுண்ணாம்பு அப்படி இறுகாது, மறுநாளும் தேய்த்து மெருகேற்ற இடம் கொடுக்கும். பின்கட்டில் தேடியபோது மணல் குவியலுக்கு அடியில் வெள்ளைச் சிமென்ட் சாக்கு. வேலையைச் சீக்கிரம் முடிக்க மேஸ்திரி செய்தது, தனக்குத் தெரியாது என்றார் ஒப்பந்தக்காரர். இருக்கலாம். ஆனால் பழைய சுவர் ஈரத்தை வெளியே விட வேண்டும். மேலே சிமென்ட் மூடினால் ஈரம் உள்ளே நின்று, உப்பு பூத்து, இரண்டு மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாக வந்துவிடும். கொத்தி எடுத்து உங்கள் செலவில் மறுபடி பூசுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். மூன்று வாரம் ஆள் வரவில்லை. பிறகு வந்தார், கொத்தினார், பூசினார், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கோபம்தான் இறுதிப் பில்லில் வந்தது என்பது என் எண்ணம்.

பில் 11,480 சதுர அடிக்கு. எங்கள் அளவுப் புத்தகத்தில் 9,260. “இந்த ஊரில் கதவு ஜன்னலைக் கழிப்பதே கிடையாது, சுவரை அப்படியே அளப்போம், திறப்பின் உள்பக்கத்தை, அதாவது ஜாமை, தனியாகச் சேர்ப்போம்” என்றார். ஊர் வழக்கம் அதுதான், நம்மில் பலரும் அப்படிப் பில் பாஸ் செய்திருக்கிறோம். ஆனால் அவர் கையெழுத்துப் போட்டது ஐ.எஸ். 1200-க்கு. அரை சதுர மீட்டருக்கு மேல் மூன்றுக்குள் இருக்கும் திறப்புக்கு, இரண்டு பக்கமும் ஒரே பூச்சு என்றால் ஒரு பக்கம் கழிக்க வேண்டும், ஜாம் சேர்க்கக் கூடாது. வக்கீல் நோட்டீஸ் வரை போனது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு, ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவரை மத்தியஸ்தராக அழைத்தோம்.

அவர் காப்பிகூடக் குடிக்காமல் நேரே ஒரு ஜன்னலுக்குப் போய் டேப்பை விரித்தார். மூன்றுக்கு நான்கு, 12 சதுர அடி. சுவர் கனம் இரண்டு அடி. சட்டம் அரை அடி போக, குழிவின் நான்கு பக்கமும் ஒன்றரை அடி ஆழம், 21 சதுர அடி. கழிக்காமல் விடுகிற ஒரு பக்கம் ஜாமுக்கு ஈடாகும் என்பது விதியின் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு அது சரி. இரண்டு அடிச் செட்டிநாட்டுச் சுவருக்கு, 21-ல் 12 போக, ஜன்னல் ஒன்றுக்கு 9 சதுர அடி கூலி கொத்தனாருக்குப் போய்ச் சேரவில்லை. 40 ஜன்னல், 360 சதுர அடி, 75,600 ரூபாய். அதைக் கொடுங்கள், மீதி 1,860 சதுர அடிக்கு அவருக்கு உரிமையில்லை என்று தீர்ப்பு. குழு ஏற்றது. செய்த வேலைக்குக் கூலி கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘எழுபத்தைந்தாயிரத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்’ என்று எழுதும் நண்பர்கள், கொடுக்காமல் நிறுத்திய 3,90,600 ரூபாயையும் ஒருமுறை எழுதலாம். பூச்சில் ஆன மீதிக் கூடுதல் 1,59,600 ரூபாய், பழைய பூச்சு எதிர்பார்த்ததைவிட 760 சதுர அடி அதிகமாக உதிர்ந்ததால் வந்தது.

தரை, தச்சு வேலை, ஓடு மாற்றியது, வளவுத் (உள்முற்றத்துத்) தூண்களுக்கு எண்ணெய் பூசியது எல்லாம் மதிப்பீட்டுக்குள் முடிந்தன.

சங்கத்துக்கு எதற்குக் கட்டடம் என்ற கேள்விக்கும் ஒரு வரி. 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்கள் சட்டம் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தைத்தான் காக்கிறது, தொழிலை யாரும் செய்யலாம் என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் நம்மிடம் ஏன் வர வேண்டும் என்பதை ஜனங்களுக்கு நாம்தான் காட்ட வேண்டும். புதன்கிழமை தோறும் திண்ணையில் நடக்கும் இலவச ஆலோசனைக்கு, சுயசான்று முறையில் வீட்டு அனுமதி வாங்குவது எப்படி என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பாய் போட்டு உட்கார இடம் இருக்கிறது. இதற்கு முன் டீக்கடை மாடியில் நடத்தினோம்.

நன்கொடை 16,85,000. பெயர்கள் எல்லாம் வாசல் கல்லில் இருக்கின்றன. தொகைப்படியா, அகர வரிசைப்படியா என்ற சண்டையில் அகர வரிசை வென்றது, அதற்காக இரண்டு பேர் இன்னும் என்னுடன் பேசுவதில்லை. இங்கே கொடுத்ததை மட்டும் சொல்கிறேன்: தேவகோட்டை உறுப்பினர்கள் சேர்ந்து கொடுத்த மின்விசிறிகள், பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் கொடுத்த இரட்டைக் கதவு, ஆத்தங்குடிப் பட்டறைக்காரர் பாதி விலைக்குக் கொடுத்த பூக்கல் என்ற தரை ஓடு, கோட்டையூர்க்காரர் ஒருவரின் செங்கல், கண்டனூர் குடும்பம் ஒன்றின் மர அலமாரி, நாட்டு மருந்துக் கடைக்காரர் கொடுத்த மூட்டைக் கடுக்காய், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்கள் அனுப்பிய புரொஜெக்டர், பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒருவர் தந்த இரண்டு லட்சம். தளம் அடித்த அம்மாக்கள் கடைசி நாள் கூலியை வாங்க மறுத்துவிட்டார்கள். அதுவும் வரவில் எழுதப்பட்டு, கல்லில் ஒரு வரியாக இருக்கிறது.

உறுப்பினர் பங்கு 14,50,000, கட்டட நிதி வைப்பு 9,00,000, நன்கொடை சேர்த்து வரவு 40,35,000. குறைந்த 3,25,000 ரூபாயை மூன்று உறுப்பினர்கள் வட்டியில்லாமல் கொடுத்திருக்கிறார்கள். பங்குத் தொகை பாக்கி வைத்திருப்பவர்கள் செலுத்தினாலே அதில் பெரும்பகுதி அடையும். பட்டியல் என்னிடம் இருக்கிறது, இதில் போடவில்லை. ஒப்பந்தக்காரருக்குச் சேர வேண்டியதில் 5 சதவீதம், அதாவது 1,01,010 ரூபாய், அடுத்த மழைக்காலம் முடியும்வரை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.

பில்கள், அளவுப் புத்தகம், மத்தியஸ்தரின் தீர்ப்பு எல்லாம் பட்டகசாலைக் கூடத்து அலமாரியில், புதன் மாலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நகல் வேண்டுவோர் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கொடுக்கவும். இரண்டாம் கட்டு வேலைக்குப் புதிய குழு அடுத்த பொதுக்குழுவில் தேர்ந்தெடுக்கப்படும். என் பெயரை யாரும் முன்மொழிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர், திருப்பணிக் குழு