கட்டை அங்கே இருந்தது எனக்குத் தெரியும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போட்டிருக்க வேண்டும். ஆனால் புல் வெட்டும் நாட்களில் உட்கார்ந்து எழுத நேரம் வாய்ப்பதில்லை, உனக்கே தெரியும். முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், மனசுக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் டிராக்டர் நன்றாக ஓட்டுகிறாள். வெட்டிக் காயப்போட்ட புல்லை ரேக் போட்டு வரிசை சேர்ப்பது இப்போது முழுக்க அவள் வேலைதான்.

பல வருடம் தரிசாகக் கிடந்த அந்த மேட்டு நிலத்தில் இந்த முறை புல் வெட்டப் போவதாகவும், விளிம்பில் பிளேடு மாட்டிய தட்டுகள் சுழன்று புல்லை வெட்டும் டிஸ்க் மெஷின் ஒன்று வாங்கியிருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். சந்தோஷம். ஆனால் படித்த நிமிடத்திலிருந்து எனக்கு ஒரே கவலை. போன மாதம் எனக்கு நடந்ததை நீ கேட்டுவிட்டு அந்த நிலத்தில் இறங்க வேண்டும்.

எங்கள் மேற்கு மூலையில் ஒரு மரம் இருந்ததே, நினைவிருக்கிறதா? நாலு வருடம் முன்னால் அதை வெட்டினோம். அடிக்கட்டை ஒரு சாண் உயரத்துக்கு நின்றுவிட்டது. அப்புறம் தோண்டிக்கொள்ளலாம் என்று விட்டேன். முதல் இரண்டு வருடம் வண்டியை ஒடித்துச் சுற்றிப் போனேன். இந்த வருடம் புல் இடுப்புயரம். மூலையில் திரும்பும்போது கட்டையின் நினைப்பே இல்லை.

சத்தம் வெடி வெடித்தது போல. டிராக்டரே ஒரு குலுக்கு குலுங்கியது. டிராக்டரிலிருந்து மெஷினைச் சுழற்றும் தண்டை, அதாவது பி.டி.ஓ.வை அணைத்தேன். அணைத்த பிறகும் டிஸ்க்குகள் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், அவை முழுதாக நிற்கும்வரை இருக்கையை விட்டு இறங்கவில்லை. இன்ஜினையும் நிறுத்திச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் மெஷினை மூடியிருக்கும் பாதுகாப்புத் திரையைத் தூக்கிப் பார்த்தேன். மூன்றாவது டிஸ்க்கின் விளிம்பு மேல்பக்கமாக மடங்கியிருந்தது. ஒரு பிளேடு இல்லவே இல்லை. டிஸ்க்கைக் கையால் சுற்றினால் பக்கத்து டிஸ்க்கும் கூடவே சுற்ற வேண்டும் அல்லவா, இது தனியாகச் சுற்றியது. உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். அதைக் கேட்டதுமே வயிற்றைப் பிசைந்தது.

பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றுதான். ஆனால் டிஸ்க் சுமார் 3000 சுற்று சுற்றுகிறது. பிளேடின் நுனி மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. அந்த வேகம் ஒரு கட்டையில் மோதி நின்றால், அத்தனை விசையும் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். அதற்காகத்தான், மற்ற பாகங்கள் தப்பிக்கத் தான் முதலில் உடைவதற்கென்றே ஒரு ஷியர் போல்ட் வைத்திருக்கிறார்கள். போன பருவத்தில் அது ஒரு முறை உடைந்தபோது, அவசரத்துக்குக் கையில் கிடைத்த கெட்டியான போல்ட்டை மாட்டினேன். அதற்குப் பிறகு மாற்றவே இல்லை. இந்த முறை போல்ட் அசையவில்லை. அதற்குப் பதிலாக உள்ளே பல்சக்கரத்தின் பற்கள் உடைந்தன. உடைந்த துண்டுகள் எண்ணெயோடு சேர்ந்து ஓடி அடுத்த சக்கரத்தையும் கடித்துவிட்டன. மெஷின் பழுதுபார்த்துத் திரும்பி வரப் பன்னிரண்டு நாள் ஆனது. அதற்குள் மழை வந்து, வெட்டிக் கிடந்த புல் எல்லாம் கறுத்துப் போனது.

உன் மெஷினில் ஏற்கெனவே என்ன போல்ட் இருக்கிறது என்று முதலில் பார். அந்த வண்டிக்கென்று சொல்லப்பட்ட போல்ட்டாகவே நாலைந்து வாங்கிப் பெட்டியில் வை. பிளேடு மாற்றினால் அந்த டிஸ்க்கில் இருக்கும் இரண்டையும் சேர்த்து மாற்று. ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று இருந்தால் எடை சரியாக நிற்காது, அதிர்வு பேரிங்கைத் தின்றுவிடும்.

ஆனால் கட்டையைவிட எனக்குப் பயம் கம்பிதான். கட்டை மோதினால் சத்தம் கேட்கும், நிறுத்திவிடுவோம். பழைய வேலிக்கம்பி சத்தமில்லாமல் துண்டு துண்டாக நறுக்கப்பட்டு, வரிசையில் சேர்ந்து, கட்டுக்குள் போய்விடும். மாடு புல்லை நன்றாக மென்று விழுங்குவதில்லை, முதலில் அப்படியே உள்ளே தள்ளிவிடுகிறது. கம்பித்துண்டு தேன்கூடு போல அறை அறையாக இருக்கும் வயிற்றில் போய்த் தங்கும். அதற்கு முன்னால் உதரவிதானம், அதைக் குத்தித் தாண்டினால் இதயம். இரண்டு வருடம் முன்பு எங்கள் கறுப்புப் பசு தீனி எடுக்காமல், முதுகை வளைத்து, முன்னங்கால்களை அகட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தவன் நான். அதைக் காப்பாற்ற முடியவில்லை. மற்ற மாடுகளுக்கு அப்போதே மருத்துவர் வயிற்றில் காந்தம் போட்டுவிட்டார். அன்றிலிருந்து சின்னவள் வேலை முடிந்ததும் ரேக்கின் கம்பி விரல்களை எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறாள். ஒன்று குறைந்தால் வரிசை வரிசையாக நடந்து தேடுவாள். நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

உன் நிலத்தில் வேலி எங்கே ஓடியது என்று பழைய ஆட்களிடம் கேள். தரிசில் கண்ணுக்குப் படாதவை எல்லாம் ஒரு காலத்தில் யாரோ பார்த்து, விட்டுவிட்டுப் போனவைதான். தண்ணீர் வழிந்தோடிய தடத்தில் கல்லும் கட்டையும் புதைந்து கிடக்கும். ஓரிடத்தில் மட்டும் புல் வேறு உயரத்தில், வேறு நிறத்தில் நின்றால் இறங்கிப் பார், அடியில் கரையான் புற்றோ கற்குவியலோ இருக்கும். முடிந்தால் புல் குட்டையாக இருக்கும்போதே ஒரு முறை முழுக்க நடந்துவிடு. பார்த்த இடத்தில் புல்லைவிட உயரமான குச்சி நட்டு, துணி கட்டு. போனில் வரைபடத்திலும் ஒரு புள்ளி வைத்துக்கொள். குச்சியை மாடு சாய்த்தாலும் புள்ளி இருக்கும்.

முதல் வெட்டுக்கு உயரத்தை நாலு அங்குலத்தில் வை. கொஞ்சம் புல் குறையும், குறையட்டும். டிஸ்க்குகள் பொருத்திய வெட்டும் பட்டை முன்பக்கம் சாய்ந்திருந்தால் மண்ணையும் கல்லையும் வாரும், அதனால் சமமாக வை. டிராக்டர் ஓடும் வேகத்தைப் பாதியாகக் குறை. திரை கிழிந்திருந்தால் தைக்காமல் வண்டியை எடுக்காதே, பிளேடில் பட்ட கல் வெகுதூரம் பறக்கும். பேரன்களை அந்தப் பக்கமே விடாதே. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வெட்டிக்கொண்டு வந்தால், புல்லுக்குள் பதுங்கியிருக்கும் குஞ்சுகளும் முயல்களும் ஓடிப்போக வழி கிடைக்கும்.

மேற்கு மூலைக் கட்டையைப் போன ஞாயிற்றுக்கிழமை தோண்டி எடுத்துவிட்டோம். அரை நாள் வேலை, அவ்வளவுதான். நாலு வருடமாக அந்த அரை நாளை ஒதுக்காமல் இருந்திருக்கிறேன்.

எப்போது வெட்டப் போகிறாய் என்று தேதி எழுது. அதற்கு இரண்டு நாள் முன்னால் நான் வந்துவிடுகிறேன். உன் முழங்காலோடு நீ நடக்க வேண்டாம், வரப்பில் உட்கார்ந்து பழைய வேலி எங்கே போனது என்று கை காட்டு. குச்சியையும் துணியையும் நானே கொண்டு வருகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்