கயலுக்கு, பல் விஷயமாக

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று ராத்திரி நீ அனுப்பிய நாலு போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். முதல் வேலையாக, முன்பல் இரண்டுக்கும் நடுவே விழுந்த இடைவெளியை மூட நீ ஆன்லைனில் வாங்கிய அந்த ரப்பர் பேண்ட் பாக்கெட்டைக் குப்பையில் போடு. போட்டுவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

முன்பல்லின் வடிவத்தைக் கவனித்திருக்கிறாயா? நுனியில் அகலம், ஈறுப் பக்கம் போகப் போக ஒடுக்கம். உள்ளே இருக்கிற வேர் இன்னும் ஒடுங்கி, கேரட் மாதிரி கூராக முடியும். இரண்டு பல்லையும் சேர்த்து ரப்பர் மாட்டினால் அது சுற்றளவு குறைகிற பக்கம்தான் வழுக்கும், அதாவது ஈறுக்குள். காலையில் ரப்பரைக் காணோம், தூக்கத்தில் விழுந்திருக்கும் என்று நினைத்து இன்னொன்றை மாட்டுவார்கள். முதல் ரப்பரோ வேரைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியபடி, பல்லை எலும்போடு பிடித்திருக்கும் நார்களை அறுத்துக்கொண்டே போகும். எக்ஸ்ரேயில் ரப்பர் பெரும்பாலும் தெரியாது, எலும்பு கரைந்த இடம்தான் தெரியும். ஈறு வீங்கி, சீழ் வைத்து, பல் நீண்ட மாதிரி இறங்கி ஆடத் தொடங்கும். சொத்தையே இல்லாத இரண்டு முன்பல்லை இப்படிப் பறிகொடுத்தவர்களைப் பற்றிப் பல் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே ஒன்றை மாட்டிப் பார்த்து, அது எங்கே போனது என்று தெரியவில்லை என்றால், மறைக்காமல் இன்றைக்கே டாக்டரிடம் போய்ச் சொல்.

"க்ளிப் போட்டிருந்தப்போ எனக்கும் ரப்பர் மாட்டினாங்களே" என்பாய். அது பல்லில் ஒட்டிய பிராக்கெட்டின் கொக்கியில் மாட்டியது, வழுக்க வழியில்லை. கூடவே ஒரு கம்பி ஓடியது, அது வேரையும் நேராக நகர்த்தியது. வெறும் ரப்பர் பல்லின் தலையை மட்டும் இழுக்கும். நுனிகள் கூரை முகடு போலச் சாய்ந்து ஒட்டும், வேர்கள் விலகியே நிற்கும். ரப்பரை எடுத்ததும் சந்து மறுபடி வந்துவிடும். ஒரு முன்பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம் விசையே போதும். அதற்கு மேல் அழுத்தினால் பல் வேகமாக நகராது. நாரிலுள்ள ரத்த ஓட்டம் நசுங்கி, பல் சில வாரம் அசையாமல் நின்றுவிடும். இறுக்கினால் சீக்கிரம் சேரும் என்ற கணக்கு பல்லிடம் செல்லாது.

க்ளிப் போட்டு நேராக்கிய பல் ஏன் மறுபடி கோணலானது என்று கேட்டிருந்தாய். ஞானப்பல் தள்ளவில்லை. ஞானப்பல்லே இல்லாதவர்களுக்கும் கீழ் முன்பல் நெருங்குகிறது. கம்பியைக் கழற்றிய பிறகு, வேரைச் சுற்றியுள்ள நார்கள் புது இடத்துக்குப் பழக மூன்று நான்கு மாதம் ஆகும். ஈறுக்குள் இருக்கும் இழுவை நார்களுக்கு ஒரு வருஷமும் போதாது. திருகி இருந்து நேராக்கிய பல்லை அவை பழைய பக்கமே இழுக்கும். உன் கீழ் இடது முன்பல் சரியாக அந்த மாதிரிப் பல். அதோடு வயது ஏற ஏறக் கீழ் வரிசை எல்லோருக்கும் கொஞ்சம் நெருங்கும், க்ளிப்பே போடாதவர்களுக்கும் கூட. அதனால்தான் ரிடெய்னரை, அதாவது நேராக்கிய பல் நகராமல் பிடித்து வைக்கும் அந்தப் பிளாஸ்டிக் உறையை, ராத்திரியில் காலம் முழுக்கப் போடச் சொல்கிறார்கள்.

இப்போது நீயே செய்யக்கூடியது. மேல் ரிடெய்னர் பத்திரமாக இருக்கிறது என்றாய். கழுவி, கண்ணாடி முன் நின்று, முதலில் முன்பல்லில் வைத்து, பிறகு இரண்டு பக்கக் கடைவாயிலும் விரலால் சமமாக அழுத்து. கடித்து உட்கார வைக்காதே, பிளாஸ்டிக் விரிசல் விடும். உதட்டைத் தூக்கி, பல் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே காற்று இடைவெளி தெரிகிறதா பார். இடைவெளி இல்லாமல் முழுக்க உட்கார்ந்து, இறுக்கமாக மட்டும் இருந்தால் நல்ல செய்தி. சாப்பிடும் நேரம் தவிர நாள் முழுக்கப் போடு. ஒன்றிரண்டு வாரத்தில் இறுக்கம் தளர்ந்தால் ராத்திரிக்கு மட்டும் என்று மாற்றிக்கொள். ஒரு மில்லிமீட்டராவது தூக்கிக்கொண்டு நின்றாலோ, ஈறு வெளுத்து அழுந்தினாலோ, நாலு நாளாகியும் வலி குறையாவிட்டாலோ நிறுத்திவிடு.

வெந்நீரில் போட்டு இளக்கலாமா என்று கேட்டாயே, கூடவே கூடாது. அது சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி, உன் பல்லின் பிளாஸ்டர் மாடல் மேல் இழுத்துச் செய்தது. சூடு பட்டால் உருவம் போய்விடும், போனது திரும்பாது. குழாய்த் தண்ணீர், மென்மையான பிரஷ், ஒரு சொட்டு சோப்பு போதும். பேஸ்ட் கீறல் போடும்.

கீழ்ப்பல் நகராமல் இருக்க உள்பக்கம் ஒட்டியிருந்த கம்பிதான் எனக்கு அதிகக் கவலை. மூன்றாவது போட்டோவில் இடது ஓரத்தில் பசை விட்டிருப்பது தெரிகிறது. ஒவ்வொரு பல்லாக நகத்தால் மெல்ல அழுத்திப் பார். எந்தப் பல் தனியாக அசைந்து, கம்பி அசையாமல் நிற்கிறதோ, அங்கே விட்டிருக்கிறது. ஃபெவிக்விக் வைத்து ஒட்டிவிடாதே. அது வாய்க்குள் வைப்பதற்கான பொருள் இல்லை, எச்சில் ஈரத்தில் நிற்கவும் நிற்காது. அதைவிட முக்கியம், கம்பி கொஞ்சம் வளைந்திருந்தால் அது பல்லைப் பிடித்து வைக்காது, திருகும். வேரை எலும்புக்கு வெளியே தள்ளும் அளவுக்குத் திருகிய வாய்கள் உண்டு. இந்த வாரமே காட்டு.

அந்தக் கீழ்ப்பல்லுக்கு நீ முப்பரிமாண பிரிண்டரில் அலைனர், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிப் பல்லை நகர்த்தும் பிளாஸ்டிக் தட்டுகள், செய்கிற வீடியோ அனுப்பியிருந்தாய். 2016-ல் நியூஜெர்சியில் ஒரு கல்லூரி மாணவர் 60 டாலருக்குள் செய்து தன் பல்லை நேராக்கியது உண்மைதான். ஆனால் அச்சடிப்பது இதில் சுலபமான பாகம். ஒரு தட்டுக்குக் கால் மில்லிமீட்டர் என்ற கணக்கைக் கணினியும் போடும். பல்லுக்கு இடம் எங்கே இருக்கிறது, வேர் எப்படி இருக்கிறது என்பதை அது எக்ஸ்ரே இல்லாமல் பார்க்காது. உன் பல் திருகி நிற்பதே இடம் போதாமல்தான். இடம் செய்யாமல் தள்ளினால் உதட்டுப் பக்கம் பிதுங்கும். அங்கே எலும்பு மிக மெல்லியது, ஈறு இறங்கிவிடும். டாக்டர் என்ன செய்வார் தெரியுமா? கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல் வரை ஐந்து சந்து. ஒவ்வொன்றிலும் பல்லின் பக்கத்தை 0.2 மி.மீ. தேய்த்தால் ஒரு மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். எங்கே எனாமல் எவ்வளவு என்று பார்த்து, அளவுத் தகடு வைத்துச் செய்கிற வேலை அது. நகம் தேய்க்கும் அரத்தை எடுத்துவிடாதே.

இந்த அளவு கோணலுக்கு மறுபடி முழு க்ளிப் தேவைப்படாது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஸ்பிரிங் அலைனர் என்று ஒன்று உண்டு. எங்கள் பல் லேப்பில் பிளாஸ்டர் மாடலிலிருந்து அந்தக் கீழ் முன்பற்களை மட்டும் ரம்பத்தால் அறுத்தெடுத்து, மெழுகில் நேராக நிறுத்தி, அதன் மேல் கம்பியும் அக்ரிலிக்கும் வைத்துச் செய்வோம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கோணலுக்கு அது நன்றாக வேலை செய்யும். இல்லையென்றால் நாலைந்து அலைனர் தட்டு. அங்கே புனேயில் பார்க்கப் போகிறவர் எம்.டி.எஸ். ஆர்த்தோ, அதாவது பல் சீரமைப்பில் மேற்படிப்பு, படித்த டாக்டரா என்று கேட்டுவிட்டுப் போ. பணம்தான் யோசனை என்றால் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போ. பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் பார்ப்பார்கள், செலவு குறையும், நாள்தான் அதிகமாகும். போனதும் மூன்று கேட்டுக்கொள்: எலும்பு எப்படி இருக்கிறது, இடம் எப்படிச் செய்வார்கள், முடிந்த பிறகு எதை வைத்து நிறுத்துவார்கள்.

க்ளிப் கழற்றிய அன்று எடுத்த உன் பிளாஸ்டர் மாடல் பீரோவில் இருக்கிறது, அடியில் தேதியும் எழுதியிருக்கிறது. பழைய துணியில் சுற்றி, நாளைக் காலை கூரியரில் போடுகிறேன். எந்தப் பல் எவ்வளவு நகர்ந்தது என்று டாக்டர் அதை வைத்துப் பார்க்கட்டும். ராத்திரி ரிடெய்னரை மாட்டி, உதட்டைத் தூக்கி, இரண்டு பக்கமும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா