நிகழ்வுகளுக்கு வரும் மாணவர்களுக்கான புள்ளித் திட்டம்

ஒருங்கிணைப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரி நிகழ்வுகளில் கலந்துகொள்ளும் மாணவர்களுக்குப் புள்ளிகள் வழங்கி, அவை சேர்ந்தபின் பரிசளிக்கும் திட்டம் இந்தப் பருவத்தில் தொடங்குகிறது. வருகைப் பதிவுக்கான கியூஆர் குறியீட்டை வாசலில் ஒட்ட வேண்டாம். ஸ்கேன் செய்த கையோடு திரும்பிவிடுபவர்களுக்கு அது வசதியாகிவிடும். நிகழ்ச்சி முடியும் தறுவாயில், சில நிமிடங்களே செல்லுபடியாகும் குறியீட்டைத் திரையில் காட்டுங்கள்.

எல்லா நிகழ்வுகளுக்கும் புள்ளி தருவது சரியன்று என்பது என் உறுதியான கருத்து. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஓவியத்தில் இயல்பாகவே ஆர்வம் காட்டிய குழந்தைகளிடம் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தபோது, பின்னர் அவர்கள் தாமாக வரையும் நேரம் குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் அந்தச் சரிவு இல்லை. ஆகவே, தானாகவே அரங்கு நிறையும் கலைவிழாவுக்குப் புள்ளி வேண்டாம். முன்வரிசைகூட நிரம்பாத கருத்தரங்குகள், வாசிப்பு வட்டங்கள், புதிய மன்றங்களின் முதல் கூட்டங்கள் ஆகியவற்றுக்கே அது தேவை. முதன்முறை வருபவருக்கும், நாற்காலி அடுக்குவது, ஒலிவாங்கியைக் கவனிப்பது போன்ற பொறுப்பை ஏற்பவருக்கும் கூடுதல் புள்ளி வழங்கலாம். கையில் ஒரு வேலை இருந்தால், கூச்ச சுபாவமுள்ள மாணவரும் நான்கு பேருடன் பேசிப் பழகுவார்.

மாலையில் வேலைக்குச் செல்பவர்களும் தொலைவிலிருந்து வருபவர்களும் விடுபட்டுவிடக் கூடாது என்பதால், மதிய இடைவேளையிலும் சில நிகழ்வுகளைத் திட்டமிடுங்கள். புள்ளி வழங்க வேண்டிய நிகழ்வுகளின் பட்டியலை ஒவ்வொரு மன்றமும் வரும் வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் குழுவில் பதிவிடக் கேட்டுக்கொள்கிறேன்.