வாடகைக்கு வீடு தேடும்போதும் வேண்டும் நல்லிணக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு, இன நல்லிணக்க நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வெளிவந்த தலையங்கத்தைப் படித்தேன். சிங்கப்பூரில் 1964இல் நடந்த இனக் கலவரத்தின் நினைவாக ஜூலை 21ஆம் தேதி பள்ளிகளில் பிள்ளைகள் பல இன உடைகளில் கூடுவது மனத்துக்கு நிறைவளிக்கிறது. ஆனால் சிங்கப்பூரில் இன நம்பிக்கை சோதிக்கப்படும் இடம், வாடகைக்கு வீடு தேடும் தொலைபேசி அழைப்பு. வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வொரு அடுக்குமாடி புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் விகித வரம்பு வகுத்து, 1989 முதல் நம்மை ஒரே புளோக்கில் வாழ வைத்திருக்கிறது. எங்கள் தாழ்வாரத்துக் கறிவேப்பிலைச் செடியில் எதிர்வீட்டுச் சீன மூதாட்டி உரிமையோடு இரண்டு கொத்து பறித்துச் செல்வார். இந்த நெருக்கம் வீடு வாங்குவோருக்கு அக்கொள்கை தந்த பரிசு. தனியாரிடம் அறை வாடகைக்குக் கேட்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

சென்ற ஆண்டு என் அண்ணன் மகனுக்காக ஒரு வீட்டு முகவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அறை காலியாக இருப்பதாகச் சொன்னவர், பெயரைக் கேட்டதும், “இந்தியரா? சமைப்பாரா? உரிமையாளருக்கு மசாலா வாசனை பிடிக்காது” என்றார். அருகில் நின்ற பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகம் வாடியதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. சமையல் பற்றிய நிபந்தனை எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும். இனத்தைக் கேட்டு மறுப்பது கூடாது. வாடகை விளம்பர இணையத்தளங்கள் இனத்தைக் குறிப்பிடும் விளம்பரங்களை ஏற்க மறுக்க வேண்டும். விண்ணப்பிப்பவரை ஒருமுறையாவது நேரில் சந்தித்த பிறகே உரிமையாளர் முடிவெடுக்கும் வழக்கத்தை முகவர்கள் ஏற்படுத்த வேண்டும்.

- வாசகர், ஈசூன்