ரீல்ஸுக்கு முன்னால் பாட்டு முடியட்டும்: ஆடியோ நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரைப்பட ஆடியோ நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஒரு பாடல் எவ்வளவு நேரம் ஓட வேண்டும், ரீல்ஸில் பரவக்கூடிய வரி எந்த இடத்தில் வர வேண்டும் என்பனவற்றை மெட்டு பிறப்பதற்கு முன்பே விற்பனைக் கணக்கு தீர்மானிக்கும் போக்கைக் குறித்தே இதை எழுதுகிறேன்.

உங்கள் கணக்கு புரியாமல் இல்லை. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடிகள் ஓடினால் ஒரு பாடல் கேட்கப்பட்டதாகப் பதிவாகிறது. அதன் பிறகு அது இரண்டரை நிமிடம் ஓடினாலும் ஐந்து நிமிடம் ஓடினாலும் ஒன்றுதான். அந்தக் கண்ணோட்டத்தில் நீண்ட முகப்பிசை இடைஞ்சலாகவும், இரண்டாம் சரணம் வீண் செலவாகவும் தெரிவதில் வியப்பில்லை.

ஆனால் இரண்டாம் சரணத்தோடு எது போகிறது என்பதைப் பாருங்கள். மெல்லிசைக் குழுக்களில் வாசிப்பவர்கள் ஒவ்வொரு சரணத்துக்கும் முன்னால் வரும் இடையிசையை 'முதல் பிஜிஎம்', 'இரண்டாவது பிஜிஎம்' என்று பிரித்தே பேசுவார்கள். இளையராஜாவின் பாடல்களில் இவ்விரண்டும் பெரும்பாலும் வெவ்வேறானவை. ஒன்றில் வயலின்கள் திரண்டு எழுந்தால், மற்றொன்றில் புல்லாங்குழல் தனித்து ஒலிக்கலாம். சரணத்தின் மெட்டு அதேதான் என்றாலும், அதற்குள் நம்மை அழைத்துச் செல்லும் வழி மாறிவிடுவதால் அது புதிதாகக் கேட்கிறது. பாடலாசிரியரும் முதல் சரணத்தில் தொடங்கிய எண்ணத்தைத் திருப்பிப் பார்க்கும் இடம் இரண்டாம் சரணமே. அதை வெட்டும்போது புல்லாங்குழல் கலைஞரின் ஒரு வாய்ப்பும் சேர்ந்தே வெட்டுப்படுகிறது (கூலி குறைவதுதான் உண்மையான காரணமோ என்று சில நேரம் தோன்றுகிறது).

இசைத்தட்டுக் காலத்திலும் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆயினும் அன்று தட்டு நேரத்தை மட்டுமே அளந்தது. அந்த நேரத்துக்குள் எதை எங்கே வைப்பது என்று அது யாருக்கும் கட்டளையிடவில்லை.

இசையமைப்பாளர்கள் வணிகத்துக்கு எதிரிகளும் அல்லர். 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் அவர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் ராயல்டியில் பங்கு பெறும் உரிமையை உறுதி செய்திருப்பதால், பாடல் ஓடுவதில் உங்களைப் போலவே அவர்களுக்கும் அக்கறை உண்டு.

ஆகவே நான் கேட்பது இதுதான். பாடல் முழுமை பெற்ற பிறகு அதிலிருந்து ரீல்ஸுக்கான துண்டை எடுங்கள். துண்டை முதலில் கேட்டுவிட்டு அதைச் சுற்றிப் பாடலைக் கட்டச் சொல்லாதீர்கள். காட்சிக்காக இயக்குநர் படத்தில் ஒரு சரணத்தைக் குறைத்தால் அது அவர் உரிமை. அப்போதும் முழுப் பாடலைத் தனியே வெளியிடுங்கள். பாடலின் வடிவத்தில் இறுதிச் சொல் இசையமைப்பாளருடையதே என்பதை உங்கள் ஒப்பந்தங்களிலும் எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
திரையிசை ரசிகர் ஒருவர்