நினைவஞ்சலியில் நோயின் பெயரும் இடம்பெறட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபரில், அந்நோய்க்கு நாம் பறிகொடுத்தவர்களை நினைவுகூரும் முறை பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். வலியில்லாத கட்டிதானே என்று பெற்ற மகள்களிடம்கூடச் சொல்லாமல் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த என் பெரியம்மாவின் நினைவஞ்சலி அட்டையில், ‘உடல்நலக் குறைவால்’ என்று மட்டுமே அச்சிடப்பட்டது. தொடக்க நிலையில் இக்கட்டிகள் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதும், தாய்வழியிலோ தந்தைவழியிலோ யாருக்கேனும் இந்நோய் இருந்ததா என்று மருத்துவர்கள் தவறாமல் விசாரிப்பார்கள் என்பதும் அந்த மகள்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. பெண்ணைக் கட்டிக்கொடுப்பதில் சிக்கல் வரும் என்ற அச்சமே இந்த மௌனத்துக்குக் காரணம் என்பது ஊரறிந்த உண்மை. அதை நாகரிகம் என்று சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அத்துயரை வீட்டுக்குள் பூட்டி வைக்காமல், பல்லாண்டுகள் போராடி, 1954-இல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அவ்வளவு பெரிய காரியம் எல்லோராலும் ஆகாது. ஆயினும், திதி நாளில் கூடும் உறவுப் பெண்களை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல முடியும். குடும்பத்தார் விரும்பினால் நோயின் பெயரையும், பரிசோதனையை வலியுறுத்தும் ஒரு வரியையும் நினைவஞ்சலி விளம்பரங்களில் கூடுதல் கட்டணமின்றி வெளியிடத் தங்கள் நாளிதழ் முன்வர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மயிலாடுதுறை