சடுகுடுவை ஜப்பான்காரர் வரைந்துவிட்டார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் பகுதியில் ஓர் ஐயா எழுதிய கடிதத்தைப் படித்தேன். பேரப்பிள்ளைகள் எந்நேரமும் ஜப்பானியப் பொம்மைப் படம் பார்க்கிறார்கள், திடலுக்குப் போய் ஓடியாடி விளையாடுவதில்லை, தமிழும் மறந்துபோகிறது என்று வருத்தப்பட்டிருந்தார். வருத்தம் நியாயம்தான். ஆனால் அந்தப் பொம்மைப் படங்களில் ஒரு பெரும் பங்கு திடலில் ஓடியாடுவதைப் பற்றியது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு 46 வயது. சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன், ஏர்கான் சர்வீஸ் வேலை. 30 வருடமாக விளையாட்டு மங்கா படிக்கிறவன், அனிமே பார்க்கிறவன். மங்கா என்றால் படக்கதைப் புத்தகம். அனிமே என்றால் ஜப்பானியக் கேலிச்சித்திரப் படம். என் மனைவிக்கு இதில் கொஞ்சம் கூச்சம். உறவுக்காரர்கள் வந்தால் அந்த அலமாரிக் கதவை மட்டும் சாத்திவிடுவார்.

ஆரம்பம் இங்கே தோ பாயோ வட்டாரத்தில். உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்தில் காமிக்ஸ் வாடகைக் கடை ஒன்று இருந்தது. ஒரு புத்தகத்துக்கு 50 காசு, மூன்று நாளில் திருப்பித் தர வேண்டும். எல்லாம் சீன மொழியில். எனக்குச் சீனம் ஓர் எழுத்தும் தெரியாது. வகுப்பில் பக்கத்தில் உட்காரும் சீன நண்பன்தான் எடுப்பான், காசு ஆளுக்குப் பாதி. முதல் புத்தகத்தை நம் வழக்கப்படி இடமிருந்து வலமாகப் புரட்டினேன். ஒருவன் மூக்கில் ரத்தத்தோடு தரையில் கிடந்தான். அடுத்த பக்கத்தில் எழுந்து நின்றான். அதற்கும் அடுத்த பக்கத்தில்தான் இன்னொருவன் அவனை முட்டுவதற்காகத் தலையைப் பின்னுக்கு இழுத்தான். நண்பன் சிரித்து முடித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டுமாம்.

அது தாகேஹிகோ இனோவே வரைந்த ‘ஸ்லாம் டங்க்’. 1990 முதல் 1996 வரை வாராவாரம் வந்த கூடைப்பந்துக் கதை, 276 அத்தியாயம், 31 புத்தகம். சிவப்புத் தலை ரவுடிப் பையன் ஒருவன், ஒரு பெண்ணைக் கவர்வதற்காகக் கூடைப்பந்துக் குழுவில் சேர்ந்து, போகப் போக அந்த ஆட்டத்தின் மேலேயே பைத்தியமாகிறான். அவன் பெயர் சக்குராகி என்பதே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். எங்களுக்கு அவன் ‘யிங்மு’. அவனுக்கு ஆகவே ஆகாத சக ஆட்டக்காரன் ருக்காவா எங்களுக்கு ‘லியூச்சுவான்’. சீனப் பதிப்பில் அப்படித்தான். இன்றைக்கும் அந்த நண்பனிடம் பேசும்போது யிங்மு என்றுதான் வாயில் வரும்.

நண்பன் ஒவ்வொரு கட்டமாகப் படித்து ஆங்கிலத்தில் சொல்வான், நான் படத்தைப் பார்ப்பேன். கோபம் வந்தால் சொல்ல மாட்டான். ஒரு முறை கணக்குச் சோதனைக்கு முந்திய நாள் சண்டை போட்டுக்கொண்டு பாதி ஆட்டத்தில் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டான். மூன்று நாள் அந்த ஆட்டத்தில் யார் வென்றார்கள் என்று தெரியாமல் அலைந்தேன்.

அப்புறம் கடைசிப் புத்தகம் வந்தது. அதற்குள் நான் தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்குப் போய்விட்டேன், அவன் தொடக்கக் கல்லூரிக்கு. ஒரு சனிக்கிழமை கடை வாசலிலேயே நின்று பிரித்தோம். யிங்மு படிக்கும் ஷோஹோக்கு என்ற சாதாரணப் பள்ளிக்கும் நடப்பு வெற்றியாளரான சன்னோ பள்ளிக்கும் ஆட்டம். கடைசி நொடிகளில் இனோவே பேச்சை எடுத்துவிடுகிறார். பக்கம் பக்கமாக வெறும் படம். ஓடும் கால், வியர்வை, பந்து, கண். நண்பன் மொழிபெயர்க்க வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனும் நானும் ஒரே வேகத்தில் பக்கம் புரட்டினோம். நடுவில் ஒரே ஒரு சின்ன வசனம். அது என்ன என்று விரலை வைத்துக் கேட்டேன். ‘இடது கை சும்மா துணைக்குத்தான்’ என்றான். பந்து எறியப் பழகிய முதல் நாட்களில் யிங்முவுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். ருக்காவா பந்தைத் தர, யிங்மு எறிய, 79-78. கதை முழுக்க ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே இருந்த அந்த இரண்டு பேரும் ஓங்கிக் கைதட்டிக்கொள்கிற படம் இரண்டு பக்கத்துக்கு விரிந்திருக்கும். கடைக்காரர் நாங்கள் காசு கொடுக்காமல் படித்ததைக் கவனித்தும் ஒன்றும் சொல்லவில்லை.

2023இல், இனோவே தானே எழுதி இயக்கிய ‘த ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்’ இங்கே திரைக்கு வந்தபோது நண்பனும் நானும் சேர்ந்து போனோம். அந்தக் கடைசி நொடிகளில் திரையிலும் சத்தம் நின்றது. பாப்கார்ன் தின்னும் சத்தம்கூட அரங்கில் இல்லை. வெளியே வந்து கோப்பி குடித்தோம், அரை மணி நேரம் இரண்டு பேருமே படத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஐயாவுக்கு நான் சொல்ல நினைப்பது இதற்கு அடுத்த பகுதி. சன்னோவை வென்ற ஷோஹோக்கு கோப்பை வாங்கவில்லை. அடுத்த ஆட்டத்திலேயே படு தோல்வி. அந்த ஆட்டத்தை இனோவே வரையவே இல்லை, ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். முதுகில் அடிபட்ட யிங்மு கடற்கரையில் உட்கார்ந்து சிகிச்சை முடியக் காத்திருப்பதோடு கதை முடிகிறது. பதினேழு பதினெட்டு வயதில் இதைப் படித்து எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நாயகன் தோற்கிற கதையை யார் எழுதுவார்கள்?

எழுதுகிறார்கள். என் மகள் இப்போது உயர்நிலை மூன்று. பள்ளிக் கைப்பந்துக் குழுவில் லிபரோ. வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் நின்று, எதிரி அடிக்கும் பந்தையெல்லாம் தரையில் விழாமல் எடுப்பவர்தான் லிபரோ. வலைக்கு மேலே எழும்பி அடிக்கவோ தடுக்கவோ அனுமதி இல்லை, புள்ளி எடுத்த பெயரும் கிடைக்காது. 152 சென்டிமீட்டர் உயரத்தில் அவளுக்கு வேறு இடமும் கிடைக்காது. தொடக்கநிலை ஆறில் ஹருயிச்சி ஃபுருடாதேயின் ‘ஹைக்யூ’ என்ற கைப்பந்துக் கதையை அனிமேயாகப் பார்த்தாள். அதில் வரும் லிபரோ நிஷினோயாவும் குட்டைதான், 160 சென்டிமீட்டர்கூட இல்லை. அவன் பந்துக்காகத் தரையில் பாய்ந்து உருள்வதைப் பார்த்து வீட்டு வரவேற்பறையில் இவளும் உருண்டாள். ஒரு பூந்தொட்டி போயிற்று.

அதன் நாயகன் ஹினாத்தாவின் குழு தேசியப் போட்டிவரை போகிறது. போய், காலிறுதியில் அவனுக்குக் காய்ச்சல் வந்து ஆட்டத்தின் நடுவே வெளியேற, அவன் இல்லாமலே குழு தோற்கிறது. அதற்கு முந்திய சுற்றில் பழைய போட்டிப் பள்ளியோடு நடக்கும் ஆட்டத்தை 2024இல் தனிப் படமாகவே எடுத்தார்கள். அந்த ஆட்டம் எப்படி முடிகிறது தெரியுமா? வீரதீர அடியெல்லாம் இல்லை. பந்தில் வியர்வை ஒட்டியிருக்கிறது, எதிர்க்குழுப் பையன் விரலில் வழுக்கி விழுகிறது. அவ்வளவுதான். மகள் அழுதாள். “அப்பா, எனக்கும் இப்படி வழுக்கியிருக்கு” என்றாள். பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் அவள் குழு தோற்ற கதையை நான் அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன். நடந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

திடலுக்குப் போவதில்லை என்கிறாரே ஐயா, என் மகள் தினமும் மாலை ஒரு மணி நேரம் சுவரில் பந்தடித்துப் பழகுகிறாள். புளோக் கீழ்த்தளத்தில் பழக முடியாது. அங்கே பந்து விளையாடக் கூடாது என்று நான்கு மொழியிலும் எழுதி மாட்டியிருக்கிறது. அவள் சரளமாகப் படிக்கும் தமிழில் அதுவும் ஒன்று.

ஜப்பானியர்கள் இதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1968இல் தொடங்கிய ‘அஷிதா நோ ஜோ’ என்ற குத்துச்சண்டைக் கதையில் ரிக்கியிஷி என்ற எதிராளி இறந்துபோகிறான். 1970 மார்ச்சில் அவனுக்கு, காகிதத்தில் மட்டுமே வாழ்ந்த அந்த ஆளுக்கு, தோக்கியோவில் பதிப்பகக் கட்டடத்திலேயே இறுதிச் சடங்கு நடத்தினார்கள். சுமார் 700 பேர் வந்தார்கள். என் மனைவியிடம் சொன்னபோது, “நீங்க ஒருத்தர்தான்னு நெனச்சேன்” என்றார்.

சரி, இப்போது தலைப்பு விஷயத்துக்கு வருகிறேன்.

2021இல் ‘ஷக்குனெட்சு கபடி’ என்று 12 பாக அனிமே ஒன்று வந்தது. ‘கொதிக்கும் கபடி’ என்று வைத்துக்கொள்ளலாம். ஹாஜிமே முசாஷினோ 2015 முதல் வரைந்த மங்காவிலிருந்து எடுத்தது. காற்பந்தில் கொடிகட்டிப் பறந்துவிட்டு விளையாட்டையே வெறுத்து ஒதுங்கிய ஒரு பையனை, பள்ளிக் கபடிக் குழுவுக்குத் தந்திரமாக இழுத்து வருகிறார்கள். மூச்சு விடாமல் கபடி கபடி என்று முனகுவதைக் கேட்டு அவன் முதலில் சிரிக்கிறான், இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று. அப்புறம் ஒரு முறை எதிரணிக் களத்துக்குப் பாடிப் போய் ஆறேழு கைகளுக்குள் மாட்டுகிறான். சிரிப்பு நிற்கிறது.

அதை என் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அப்பாவுக்கு இப்போது 78. பதினாறு வயதில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர். தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார், குடியிருப்புக்குப் பின்னால் இருந்த திடலில் அப்பாவும் கூட்டாளிகளும் சடுகுடு ஆடியிருக்கிறார்கள். ஜப்பானியப் பேச்சு, கீழே ஆங்கில எழுத்து, அப்பாவுக்கு இரண்டும் தெரியாது. நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் பாகத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவதில், “அவன் முகத்தை ஏன்டா பாக்குறான், காலைப் பாக்கச் சொல்லு” என்றார். இரண்டு பேர் கைகோத்து வளைத்துப் பிடிக்கிற காட்சி வந்ததும் கைத்தடியால் தரையைத் தட்டினார். நான்காவது பாகம் முடிந்து நான் தொலைக்காட்சியை நிறுத்தப் போனபோது கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கி, சின்ன வயதிலிருந்து நான் பார்த்துப் பழகிய தழும்பைக் காட்டினார். சைக்கிளிலிருந்து விழுந்தது என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தவர், அது நடுக்கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் பிடிபட்டபோது கிழிந்தது என்றார்.

எனக்குப் பெருமையும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. நம் ஊர்த் தெருவில் கோடு கிழித்து ஆடிய ஆட்டத்தை, கோட்டின் பெயர் முதல் ஒரு பாட்டுக்கு 30 நொடி என்ற கணக்குவரை, ஜப்பானியப் பிள்ளைகளுக்கு ஒருவர் உட்கார்ந்து வரைந்து காட்டியிருக்கிறார். நம்மில் யாரும் செய்யவில்லை. சினிமாவில் கபடி வந்திருக்கிறது, மறுக்கவில்லை. அங்கே காதலுக்கும் வில்லனுக்கும் போக மீதி நேரம்தான் ஆட்டத்துக்கு. எதிராளியின் முன்னங்காலில் எடை எப்போது விழுகிறது என்பதற்கு யார் ஐந்து நிமிடம் ஒதுக்குகிறார்கள்? சில வருடம் முன்பு ஒரு புத்தக வெளியீட்டில் தமிழில் விளையாட்டுப் படக்கதை வருமா என்று எழுந்து கேட்டேன். “அதெல்லாம் இலக்கியத்துல சேராது தம்பி” என்று மேடையிலிருந்து பதில் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். இளையர் பக்கத்தில் வாரம் ஒரு முறை அரைப் பக்கம் ஒதுக்குங்கள். ஈசூனிலோ செங்காங்கிலோ ஒரு பள்ளி, கபடிக் குழு, ஏழு பிள்ளைகள். சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் இருக்கட்டும், குழுவுக்கு ஆள் சேராமல் திண்டாடுவதே முதல் பத்து வாரத்துக்குப் போதும். வரைவதற்கு ஆள் கிடைக்கும். பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் வரைகலை படிக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஸ்லாம் டங்க் வந்த ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழ் 1995 தொடக்கத்தில் 65 லட்சம் பிரதிக்கு மேல் அச்சானது. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். என் வீட்டுக்கு இப்போது ஒரு பிரதி வாங்குகிறோம், மகளுக்குத் தனியாக இன்னொன்று வாங்கத் தயார்.

ஆட்ட விதிகளில் சந்தேகம் வந்தால் அப்பா வீட்டில் சும்மாதான் இருக்கிறார், பார்த்துத் தருவார். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 30 நொடிக் கணக்கை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். மூச்சு இருக்கிறவரைக்கும்தான் பாட்டு என்பார்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்